பழைய ஏற்பாட்டு தேவன் கோவக்காரர், இயேசு மட்டும் அன்பானவரா?

ரெண்டும் ஒரே தேவன்தாங்க. பழைய ஏற்பாட்டுல தண்டிக்கிறார், சுவிசேஷத்துல மன்னிக்கிறார், எதை நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க, யாத்திராகமம் 34:6 எடுங்க, மோசேகிட்ட அவரே தன்னைப் பத்தி சொல்றப்ப முதல்ல வர்றதே இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும்தான், அதுவும் ஜனங்க கன்னுக்குட்டிய செஞ்சு கும்பிட்டதுக்கு அப்புறம்.

அநேகமா "தப்பு பண்ணா சாமி கண்ணக் குத்தும்"னு சின்ன வயசுல கேட்டதோட பயத்துலயே நியாயத்தீர்ப்பு பகுதிகள படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன்.

ஒண்ணு செஞ்சு பாருங்க. யோனா புத்தகம் மொத்தமே 4 அதிகாரம், ஒரே மூச்சுல படிங்க. நினிவே நகரத்துக்குப் போய் எச்சரின்னு தேவன் அனுப்பினப்ப ஓடிப்போன தீர்க்கதரிசி அவர். நீர் இரக்கமுள்ளவர்னு தெரிஞ்சுதான் ஓடிப்போனேன்னு 4:2ல சண்டையே போடறார் மனுஷன் (எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்), கடைசி வசனத்துல 1,20,000 பேருக்கு மேல இருக்கற நினிவேக்காக, அங்க உள்ள மிருகஜீவன்களையும் சேர்த்து, நான் பரிதபிக்க மாட்டேனான்னு தேவன் கேக்கறார், புக்கே அந்தக் கேள்வியோட முடிஞ்சிடுது. அப்புறம் மத்தேயு 23, இயேசுவும் எவ்ளோ காட்டமா பேசறார்னு பாருங்க.

ஆனா யாத்திராகமம் 34:7ஐ தாண்டிப் போயிடாதீங்க, குற்றத்த சும்மா விடமாட்டார்னும் அங்கயே இருக்கு. யோசுவா புத்தகத்துல வர்ற யுத்தங்களுக்கு இது முழு பதில் இல்ல, அத தனியா கேளுங்க.