திரவ எரிபொருள் அணு உலை சூடேறினால் தானாகவே அணைந்துவிடுமா?

கேள்வி: "திரவ எரிபொருள் சூடேறினாலோ குமிழி கட்டினாலோ தொடர்வினை தானாக நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?"

அடங்கும். ஆனால் அணைந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்குத் திசையன்விளைப் பக்கம். அணு உலை என்றாலே எங்கள் ஊரில் கூடங்குளம்தான். அங்கே எரிபொருள் திட வில்லைகள். நீங்கள் கேட்பது வேறு: யுரேனிய உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலையே எரிபொருளாக்குவது. 1984-ல் மும்பை டிராம்பேயில் பூர்ணிமா-2 என்ற உலை இப்படித்தான் மாறுநிலையை, அதாவது தொடர்வினை தானே நீடிக்கும் நிலையை, எட்டியது.

விடிலியில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கொதி வந்ததும் நுரை விளிம்புவரை ஏறும். பதநீர் கூடிவிடவில்லை, பரந்து நிற்கிறது. யுரேனியக் கரைசலும் சூட்டில் விரியும். போதாததற்கு, யுரேனிய அணு பிளக்கும்போது தெறிக்கும் துண்டுகள் தண்ணீரைச் சிதைத்து ஹைட்ரஜன், ஆக்சிஜன் குமிழிகளைக் கிளப்பும், கொதிக்கக்கூட வேண்டாம். அணுக்கள் விலகி நிற்பதால், அடுத்த அணுவைப் பிளக்க வேண்டிய நியூட்ரான்கள் எதிலும் மோதாமல் வெளியே நழுவுவது கூடும், தொடர்வினை தளரும்.

சரி, அப்புறம்? பொங்கும் பதநீரில் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை சட்டென்று அமுங்கும். இங்கே அதற்கும் ஆள் வேண்டாம். குமிழிகள் மேலே வந்து உடைந்ததும் கரைசல் பழையபடி நெருங்கும், வினை மறுபடி தலைதூக்கும்.

1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோகைமுராவில் நடந்தது இதுதான். அது உலைகூட இல்லை, எரிபொருள் தயாரிக்கும் ஆலை. அங்கே ஒரு தொட்டியில் அளவுக்கு மீறி யுரேனியக் கரைசலை ஊற்றிவிட்டார்கள். முதலில் பெரிய எழுச்சி, பிறகு ஏற்ற இறக்கம், அதன்பின் மெதுவான எரிவு. சுமார் 20 மணி நேரம் ஓயவில்லை. தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் சூட்டையும் வாங்கிக்கொண்டது, வெளியேறிய நியூட்ரான்களைத் திருப்பியும் அனுப்பியது. அந்த நீரை வடித்த பிறகே அடங்கியது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தண்ணீருக்குப் பதில் உருகிய உப்பில் யுரேனியத்தைக் கரைக்கும் 'உருகிய உப்பு உலை'களில் கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை ஓடிய சோதனை உலையில், சூடான உப்பு விரிந்து வினை நடக்கும் கிராஃபைட் கருப்பகுதியை விட்டு வெளியே தள்ளப்படும். உள்ளே யுரேனியம் குறையும், வினை தணியும். அதே உப்பில் தோரியத்தை நிறையக் கலந்தால் கதை வேறு. தோரியம் நியூட்ரான்களை விழுங்கும். குமிழி வந்து உப்பு விலகினால் விழுங்குகிற ஆளும் விலகுகிறான். சில வடிவமைப்புகளில் அப்போது வினை குறைவதற்குப் பதில் கூடிவிடும்.