எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக யுகலேலே, அந்த நாலு தந்திக் குட்டி கிடார், வாசிக்கிறேன். வாத்தியார் யூடியூப்தான். முப்பது கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரியும். அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் வாசித்தால் எல்லாரும் கூடவே பாடுவார்கள், "சூப்பர் சார்" என்பார்கள். போன மாதம் மகளின் தோழி என் யுகலேலேயை எடுத்து விரல்களால் ஒரு மெட்டை மீட்டினாள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஆகிவிட்டது. இப்போது ஒரு வகுப்பில் சேரப்போகிறேன். விண்ணப்பத்தில் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று கட்டம். நீங்களும் வாசிப்பவர், சொல்லுங்கள்: எதில் டிக் போடுவது?

பி.கு.: போன வாரம் தந்தி மாற்றினேன். அதிலிருந்து எது வாசித்தாலும் அபஸ்வரம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பின்குறிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். புது நைலான் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பழி தந்திக்கு. சுருதி காட்டும் ட்யூனரைப் பார்க்காமலே அபஸ்வரம் என்று உங்கள் காது சொல்லியிருந்தால், அதை உங்கள் வரவில் வையுங்கள்.

முப்பது கார்டை நான் வரவில் வைக்கமாட்டேன். யுகலேலே முகஸ்துதி செய்கிற வாத்தியம். கீழ்த் தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவிலுள்ள கட்டம்) ஒரு விரல் வைத்தால் சி கார்ட். ஏ மைனருக்கும் ஒரே விரல். எஃப், ஜி செவன் இரண்டும் சேர்ந்தால் ஊரில் பாதிப் பாட்டு வாசிக்கலாம். நான் பார்ப்பது ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது விழுகிற இடைவெளியை.

எனக்கு இது உறைக்க இரண்டு வருடம் ஆனது. ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். ஒவ்வொரு ஜி செவனுக்கு முன்னாலும் ஒரு சின்ன விக்கல். வாசிக்கும்போது அது கேட்டதே இல்லை. பாடியதும் நான்தானே, விக்கல் வந்த இடத்தில் பாட்டையும் இழுத்துச் சமாளித்திருக்கிறேன். அன்று மாலை மனைவியைப் பாடச் சொல்லி வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே, "நீங்க வர்ற வரைக்கும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்றாள்.

வாத்தியமே பாடுகிறவர்களோடு வளர்ந்ததுதான். 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதீராத் தீவுக்காரர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹொனலூலு வந்து இறங்கினார்கள். அவர்களில் இருந்த தச்சர்கள் மச்செட்டே என்ற தங்கள் ஊர்ச் சின்னத் தந்தி வாத்தியத்தை வைத்து உருவாக்கியது யுகலேலே. ஹவாயில் அது பாட்டுக்கும் ஹூலா ஆட்டத்துக்கும் துணை. துணைக்குப் போனவர் பாடுகிறவரைக் காக்கவைக்கலாமா? பொங்கல் விழாக் கூட்டம் தடுமாறாமல் கடைசிவரை பாடியதா என்று யோசித்துப் பாருங்கள். "சூப்பர் சார்" கணக்கில் வராது. அந்தப் பெண் வாசித்தது தனி வாசிப்பு, வேறு கிளை. புல்லாங்குழல்காரரைப் பார்த்து மிருதங்கக்காரர் வெட்கப்படுவாரா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எதைத் தவிர்க்கிறீர்கள்? எனக்கு ஈ கார்ட். நாலாவது ஃபிரெட்டில் மூன்று தந்தியை மூன்று விரல் நெருக்கியடித்துக்கொண்டு அழுத்த வேண்டும், ஆள்காட்டி விரல் இரண்டாவது ஃபிரெட்டில். சோப்ரானோ என்ற சின்ன அளவு யுகலேலேயில் அங்கே இரண்டு விரலுக்குத்தான் இடம். ஈ என்ற பேருக்கு ஏற்றமாதிரி, கூப்பிட்டால் உட்காராது. ஒரு வருடம் அது வருகிற பாட்டையெல்லாம் சுருதி மாற்றியே ஓட்டினேன். கேட்டால், "என் குரலுக்கு இதுதான் சௌகரியம்" என்பேன்.

இடைநிலையில் டிக் போடுங்கள். பக்கத்தில் பேனாவால் உங்களுக்கு வராத கார்டின் பெயரை எழுதிவிடுங்கள். வகுப்பெடுப்பவர் முதலில் அதைத்தான் படிப்பார்.