கண்ணில் எளிதில் படாத நுணுக்கங்கள் ஒளிந்திருக்கும் பொழுதுபோக்குப் பூங்கா எது? அங்கே நீங்கள் எதையெல்லாம் கண்டுபிடித்தீர்கள்?

நெதர்லாந்தில் இருக்கும் எஃப்டெலிங். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

நான் ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். நம்மாட்கள் நிறைய இருக்கும் ஊர். யார் வீட்டுக்காவது அப்பா அம்மா வந்தால் அழைத்துப் போவதற்கென்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் தயாராக இருக்கும்: டியூலிப் தோட்டம், ஆம்ஸ்டர்டாம் படகு, காற்றாலை, கடைசியில் எஃப்டெலிங். டில்பர்க் நகருக்கு வடக்கே காட்ஸ்ஹூவல் என்ற சிற்றூரை ஒட்டி, மரங்களுக்கு நடுவே இருக்கிறது. எங்களுக்குக் காரில் முக்கால் மணி நேரம்.

முதல் தடவை ஆபீஸ் நண்பர்களோடு போனேன். எந்த ரைடுக்கு எத்தனை நிமிட வரிசை என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்து இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே என்று ஓடினோம். பாரோன் 1898 என்று ஒரு ரோலர் கோஸ்டர். சுரங்கம் மாதிரி அமைத்திருக்கிறார்கள். உச்சியில் விளிம்பிலேயே கொஞ்சம் தொங்கவிட்டு, 37.5 மீட்டரைச் செங்குத்தாகக் குழிக்குள் தள்ளிவிடும். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு மொத்தம் ஒன்பது ரைடு. வீட்டுக்கு வந்து யோசித்தால், ஞாபகத்தில் நின்றது வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவரின் முதுகுப்பை.

இரண்டாவது தடவை அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி, ரத்த அழுத்தம், ரோலர் கோஸ்டர் பக்கமே போகக்கூடாது. ஐந்து வயது மகனுக்கோ அதில் ஏற உயரம் போதாது. சரி, மனைவி பெரியவளைக் கூட்டிக்கொண்டு ரைடுகளுக்குப் போகட்டும், நான் இவர்கள் இருவருக்கும் துணையாக ‘தேவதைக் கதைக் காட்டை’ அரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிடுகிறேன் என்று ஏற்பாடு. வெளியே வர மூன்றரை மணி நேரம் ஆனது.

அந்தக் காடுதான் எஃப்டெலிங்கின் மூலஸ்தானம். 1952 மே 31 அன்று வெறும் பத்துக் கதைகளோடு திறந்தார்கள். காட்சிகளை வரைந்தவர் ஆன்டன் பீக் என்ற ஓவியர். வாழ்த்து அட்டைகளிலும் நாள்காட்டிகளிலும் பழைய காலத்துத் தெருக்களை வரைந்து பேர் வாங்கியவர். அந்தப் படங்களுக்கு அசைவும் ஒலியும் ஒளியும் கொடுத்தவர் பீட்டர் ரைண்டர்ஸ், எங்கள் ஐந்தோவன்காரர். அட்டையிலும் தகரத்திலும் செட் போடுகிற வேலை வேண்டாம், நிஜச் செங்கல், நிஜ மரம், நிஜ ஓடு வேண்டும் என்பது பீக்கின் பிடிவாதம். அதனால்தான் எழுபது வருடப் பாசி அந்தச் சுவர்களில் அவ்வளவு அழகாக ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அழுக்கு என்று சொல்லியிருப்போம்.

இன்னொன்று, பீக் வரைந்த வீடுகளில் நேர்கோடே இருக்காது. கூரை சரிந்திருக்கும், புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஜன்னல் கோணலாக இருக்கும். முதல் தடவை இதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் நின்றுவிட்டார். எங்கள் வீடு கட்டும்போது தினமும் பக்கத்திலேயே நின்று கொத்தனாரைப் பாடாய்ப் படுத்தியவர். “ஏன்டா, ரசமட்டம், தூக்குக்குண்டு ரெண்டையும் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டானா இந்த ஊர் கொத்தனாரு?” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்தது காளான். பாதையோரம் ஆங்காங்கே சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான்கள், பெரியவர்களின் முழங்கால் உயரம்தான். ஏதோ அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுவோம். மகன் ஒன்றின் மேல் காதை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். “அப்பா, காளான் பாடுது.” சரி சரி, வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் தோளில் ஒரு கை ஊன்றி மெல்லக் குனிந்து கேட்டார். “ஆமாண்டா, பாடுது.” அப்புறம் நானும் மண்டியிட்டேன். பழைய காலத்துத் தந்திக் கருவியில் வாசித்தது போல ‘டிங் டிங்’ என்று ஒரு சின்ன மெட்டு, திரும்பத் திரும்ப. சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றால், நின்றுகொண்டு பேசியபடி போகிறவருக்குச் சரியாகக் கேட்காது. காது அந்த உயரத்துக்கு வர வேண்டும். ஐந்து வயதுப் பையனுக்குக் கொஞ்சம் குனிந்தாலே போதும்.

தூங்கும் அழகியின் கோட்டையை நான் முதல் தடவையே பார்த்திருந்தேன், அதாவது வாசலிலிருந்து ஒரு படம் எடுத்திருந்தேன். சாபத்தால் கோட்டையே நூறு வருடம் தூங்குகிற கதை. காவலுக்கு இருப்பவனும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். இளவரசி படுத்திருக்கும் அறைக்கு முன்னால் அம்மா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு என் கையைச் சுரண்டி, “டேய், மூச்சு விடுறாடா” என்றார். உற்றுப் பார்த்தால், போர்த்தியிருக்கும் துணி மார்பில் மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் அப்படி ஒரு நிதானம். “அப்ப போன தடவை வந்து நீ என்னத்தப் பார்த்தே?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதல் பத்துக் கதைகளில் பேசும் கிளியும் ஒன்று. நாம் பேசினால் அதை நம் குரலிலேயே திருப்பிச் சொல்லும். வருகிற குழந்தைகள் எல்லாம் டச்சு மொழியில் ஹலோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். மகனும் பள்ளியில் கற்ற டச்சில் பேரைச் சொன்னான். அம்மாவை முன்னால் தள்ளிவிட்டோம். கிளியைப் பார்த்தால் நம்மவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? “சாப்டியா?” என்றார். கிளி ஒரு கணம் யோசிப்பது போல இருந்துவிட்டு, காட்டுக்கு நடுவில், அச்சு அசல் அம்மாவின் குரலில் “சாப்டியா?” என்றது. மகன் துள்ளிக் குதித்தான்: “பாட்டி, கிளிக்குத் தமிழ் தெரியுது!” அவ்வளவுதான், அம்மாவை அங்கேயிருந்து கிளப்ப முடியவில்லை. ஊர் எது, பேர் என்ன, மழை பெய்யுமா என்று வரிசையாகக் கேட்டார். பின்னால் நின்ற டச்சுப் பாட்டி ஒருவர் பொறுமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இதுவரை பார்த்ததிலேயே புத்திசாலித்தனமான குப்பைத்தொட்டியும் இங்கேதான் இருக்கிறது. பெயர் ஹொல்லே பொல்லே கைஸ். வாயை அகலத் திறந்துவைத்திருக்கும் குண்டு மனிதன். “பப்பீர் ஹீர், பப்பீர் ஹீர்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். காகிதம் இங்கே என்று அர்த்தம். காகிதத்தை வாயருகே கொண்டுபோனால் ‘சர்’ரென்று காற்று இழுத்துக்கொள்ளும். பிறகு நன்றி சொல்வான். 1959இல் முதல் கைஸை வைத்தார்கள். இப்போது வேறு வேறு உருவங்களில் பூங்கா முழுக்க இருக்கிறார்கள். விளைவு, பிள்ளைகள் தரையில் ஒரு துண்டுக் காகிதத்தை விட்டுவைப்பதில்லை. குப்பை கிடைக்காமல் அலைகிறார்கள். ‘குப்பை போடாதீர்’ என்று எழுதிவைத்து எந்த ஊரிலாவது இது நடந்திருக்கிறதா?

அந்தக் குண்டன் ஒரு பழைய டச்சுக் குழந்தைப் பாட்டிலிருந்து வந்தவன். ஒரு பசு, ஒரு கன்று, அரைக் குதிரை, ஓர் எருது, ஒரு காளை, ஏழு பீப்பாய் பியர் என்று விழுங்கிக்கொண்டே போகிறவன். நான் இதைச் சொன்னதும் அம்மா, “நம்ம பகாசுரன்” என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி நிறையச் சோற்றோடு பீமன் போன கதையைப் பேரனுக்குச் சொல்லி முடித்தார். பீமன் வருவதற்குள் கைஸுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று அவனுக்கு அவசரம். என் பையில் இருந்த ரசீதுகள் தீர்ந்தன. டிஷ்யூ தாளை எட்டாகக் கிழித்தோம், அதுவும் தீர்ந்தது. அம்மா கடைசியில் தன் சுருக்குப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த டவுன் பஸ் டிக்கெட்டுகளை எடுத்தார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ்ஸில் கொடுக்கிற சீட்டுகள். எதற்கு இதையெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்றேன். “காசு வாங்காம குடுத்ததாச்சே, தூக்கிப் போட மனசு வரல” என்றார். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறியவை, ஒவ்வொன்றாக கைஸின் வாய்க்குள் போயின. ஒவ்வொன்றுக்கும் அவன் டச்சில் நன்றி சொன்னான்.

இந்திய அல்லி மலர்கள் என்ற காட்சிக்கு அம்மாவைப் பெயரைச் சொல்லியே இழுத்துப்போனேன். 1966இல் திறந்தது. கதையை எழுதியவர் பெல்ஜியத்தின் ராணி ஃபபியோலா. விடிந்தது தெரியாமல் ஆடிய தேவதைகளைச் சூனியக்காரி அல்லிப் பூக்களாக மாற்றிவிடுகிறாள். இருட்டுக் குகைக்குள் அல்லிகள் விரிய, உள்ளே தேவதைகள் ஆடுகிறார்கள். தவளைகளின் கச்சேரி அபாரம். நம் ஊர் வாசனைதான் கொஞ்சம் குறைவு. அம்மா, “இது எந்த இந்தியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு தவளைகளை ரசித்தார்.

கதைக் காட்டுக்கு வெளியே இரண்டைச் சொல்லலாம். ஒன்று வில்லா வோல்டா, 1996இல் வந்தது. கொள்ளையர் தலைவன் ஹூகோ சபிக்கப்பட்ட வீடு. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால், நாம் தலைகீழாகச் சுற்றுவது போல வயிறு புரட்டும். நான் பெரியவளோடு போனேன். அவள் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாதியில், “அப்பா, ஒண்ணுமே ஆகல” என்றாள். நானும் மூடிப் பார்த்தேன். நிஜம்தான். பெஞ்சு தொட்டில் மாதிரி லேசாகத்தான் ஆடுகிறது, சுற்றுவது வீடு. கண்ணைத் திறந்தால் மறுபடியும் வயிறு புரட்டுகிறது. ஒரு தடவை திறந்து, ஒரு தடவை மூடி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். கதையில் அவனுடைய முழுப் பெயர் ‘லோன் மணற்குன்றுகளின் ஹூகோ’. அந்த மணற்குன்றுகள் கற்பனை இல்லை. பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, இன்றைக்குத் தேசியப் பூங்கா. மறுநாள் அங்கே நடக்கப் போனால் கதை மேலும் கொஞ்சம் நீளும்.

இன்னொன்று சிம்போலிகா, 2017இல் திறந்த அரண்மனை. ராஜாவைப் பார்க்கக் கூட்டம் காத்திருக்கும்போது பார்டூஸ் என்ற விதூஷகன் கோலை ஆட்ட, எதிரே இருக்கும் படிக்கட்டே பிளந்து ரகசிய வழி திறக்கிறது. தண்டவாளம் இல்லாத வண்டிகள். வீரம், இசை, புதையல் என்று மூன்று வழிகளில் நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு காட்சி. அம்மாவால் சிரமமில்லாமல் உட்கார முடிந்தது. நுட்பத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மூச்சு விடும் இளவரசிக்குப் பக்கத்தில் இதை என்னால் வைக்க முடியவில்லை. இங்கே எல்லாம் நம்மைப் பார்த்து நடக்கிறது. அங்கே நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: கதைக் காட்டைக் காலையில் கேட் திறந்ததும் முதலில் பாருங்கள். கூட்டம் ரைடுகளை நோக்கி ஓடும், காளான் சத்தம் தெளிவாகக் கேட்கும். குழந்தைகளுக்குக் கிரிம் சகோதரர்கள், ஆண்டர்சன் கதைகளில் நாலைந்தாவது முன்பே சொல்லி வையுங்கள். கதை தெரியாவிட்டால், சதுக்கத்தில் தானாக ஆடிக்கொண்டிருக்கும் சிவப்புச் செருப்புகள் வெறும் செருப்புகள்தான். கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். காகிதத்தை மட்டும் நிறைய எடுத்துப் போங்கள்.

அம்மா ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் நடந்துகொண்டிருந்தோம். பிர்ச் மரத்தடியில் நிஜக் காளான்கள், அதே சிவப்பு, அதே வெள்ளைப் புள்ளிகள். விஷக் காளான், தொடாதே என்று நான் கத்துவதற்குள் மகன் மண்டியிட்டு, தொடாமல், காதை மட்டும் பக்கத்தில் கொண்டுபோயிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, “அப்பா, இது வேலை செய்யல” என்றான்.

அன்று இரவு வீடியோ காலில் பாட்டியிடமும் புகார் போனது. “பேட்டரி தீர்ந்திருக்கும் கண்ணு” என்றார் அம்மா.