ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் முடக்குவாதம் அடங்கிவிட்டது என்று அர்த்தமா? வாழ்க்கைத் தரத்தை வேறு எப்படி அளக்கிறார்கள்?

அப்படி அர்த்தமில்லை. எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இ.எஸ்.ஆர்., 18 என்று நார்மலாக வந்த மாதத்தில்தான் குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் கீழே போட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "நல்லா இருக்கீங்களேம்மா" என்றார்.

வீங்கிய, வலிக்கும் மூட்டுகளை எண்ணிப் பார்த்து நோய் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் டாஸ் 28 என்ற கணக்கு ஒன்று உண்டு. பெயரிலேயே இருக்கிறது, 28 மூட்டு. கணுக்காலும் பாதமும் அதில் சேர்த்தி இல்லை. எனக்கு முதலில் வீங்கியதே பாதம்தான்!

இதை ஈடுகட்ட உதவுவது நம்மையே கேட்கும் படிவங்கள்தான். எஸ்.எஃப். 36 பொதுவானது, வலியோடு மனநிலை, சோர்வு எல்லாம் கேட்கும். முடக்குவாதத்துக்கு அதிகம் பயன்படுவது ஹாக் (HAQ), அன்றாட வேலைகளைச் செய்ய எவ்வளவு சிரமம் என்று கேட்கும் படிவம். 1980ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வந்தது. பிரிவு பிரிவாக 20 கேள்விகள், சிரமமில்லை என்றால் 0, முடியவே இல்லை என்றால் 3.

மருத்துவமனையில் ஒரு பெண் எனக்கு அதைப் படித்துக் காட்டி நிரப்பினாள். "டப்பில் இறங்கிக் குளிக்க முடியுமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் பாத்ரூமுக்குள் பக்கெட்டை வைத்தால் ஆள் நிற்கவே இடம் பார்க்க வேண்டும். (இந்தியாவுக்கென்று 12 கேள்வியாக மாற்றிய வடிவம் இருக்கிறது. சப்பணம் போட்டு உட்காருவது, மார்க்கெட்டில் காய் வாங்குவது எல்லாம் அதில் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.)

அடுத்து, "குழாய் திறந்து மூட?" எங்களுக்கு அடிபம்புதான், சிரமமில்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் மகள் விடவில்லை.

"யம்மா, ரெண்டு வருசமா பம்பு அடிக்கிறது நானு. உனக்கு எப்டி கஷ்டம் தெரியும்?"

அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு, போட்டிருந்த 0வை அடித்து 2 போட்டாள். இன்னொருவர் உதவி தேவைப்பட்டால் அந்தப் பிரிவுக்குக் குறைந்தது 2 போட வேண்டும் என்பது ஹாக் விதி. நான் பொய் சொல்லவில்லை. முடியாத வேலையை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து 'நல்லா இருக்கேன்' என்று சொல்லப் பழகியிருந்தேன். அதனால் படிவம் நிரப்பும்போது வீட்டு ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மருந்து மாற்றிய பிறகு எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த சராசரி மதிப்பெண் 0.22 குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு. பொய்யான 0வில் தொடங்கினால் அது எங்கே தெரியப்போகிறது?

அப்புறம், என் சொந்த அளவு ஒன்று உண்டு. எழுந்ததிலிருந்து காபி டம்ளரை ஒரே கையில் பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டர் தாளில் குறித்துவைப்பேன். டாக்டரும் இப்போது அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். இன்றைக்கு 40.