ஜவுளிக்கடையில் மாஸ்க், வெள்ளிப் பட்டறையில் மாஸ்க்: எது தேவை, எது போதாது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. சேலத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொரோனா சமயத்தில் கொண்டுவந்த மாஸ்க் விதியை எங்கள் கடையில் இன்னும் எடுக்கவில்லை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை கழற்றக் கூடாது. மூக்குக்குக் கீழே இறங்கினாலே சூப்பர்வைசர் திட்டுவார். வாடிக்கையாளர்கள் யாரும் போடுவதில்லை. கடையில் கொடுத்தது துணி மாஸ்க், அதுவும் இரண்டே இரண்டு. மதியம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு லேசான வீசிங் உண்டு. மாஸ்க் போட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் என்கிறார்களே, உண்மையா? தாடையைச் சுற்றிப் பருவும் அரிப்பும் தீரவில்லை. போன மாதம் ஏற்காட்டுக்கு வேனில் கூட்டிப்போனபோது, ஏரியில் படகில் உட்காரும்போதுகூடப் போடச் சொன்னார்கள். கொரோனாதான் போய்விட்டதே, எங்களுக்கு மட்டும் ஏன் இது? இன்னொன்று, என் கணவர் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் இருக்கிறார். ஆசிட் வேலைக்கு என்னுடைய துணி மாஸ்க்கைத்தான் கட்டிக்கொள்கிறார். அது போதுமா? (வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவர். கேள்வியில் அவரைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அவசரம் அவருக்குத்தான்.

அந்த மாஸ்க் அவருக்குப் போதாது. ஆசிட் புகைக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. தூசி, எச்சில் துளி, கிருமியைச் சுமந்து வரும் நுண்ணிய திவலை ஆகியவற்றை மாஸ்க் வடிகட்டும். வெள்ளியை நைட்ரிக் ஆசிட்டில் போடும்போது செம்பழுப்பாக எழுகிறதே, அது நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயு. கொசுவலைக்குள் புகை நுழைவதுபோல அது துணி மாஸ்க்கிலும் நுழையும், சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் நுழையும், என்95-லும் நுழையும். மாஸ்க் கட்டியிருக்கிற தைரியத்தில் ஆசிட் தொட்டிக்கு இன்னும் கிட்டே குனிந்து வேலை செய்வார்கள், அதுதான் பெரிய ஆபத்து.

இந்த வாயு பட்டவுடன் கொஞ்சம் இருமலும் கண் எரிச்சலும் வரும். அப்புறம் சரியாகிவிட்டதுபோல இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வந்துவிடும். அதனால் புகை பலமாக அடித்த நாளில், இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், 'ஆசிட் புகை பட்டது' என்று தெளிவாகச் சொல்லிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண இருமல் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

பட்டறையில் மாற்ற வேண்டியது காற்று போகிற வழி. ஆசிட் வேலையைத் திறந்த இடத்தில், அல்லது மூன்று பக்கமும் மூடிய கூண்டுக்குள் வைத்து, புகையைப் பின்பக்கமாக இழுத்து வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட்டோடு செய்ய வேண்டும். பல இடங்களில் எக்ஸாஸ்ட் ஃபேனை வேலை செய்பவரின் தலைக்கு மேலே மாட்டியிருப்பார்கள். அது புகையை அவர் முகத்தைத் தாண்டித்தான் இழுக்கும். வாயுவுக்கென்றே வடிகுப்பி (கார்ட்ரிட்ஜ்) பொருத்திய ரப்பர் மாஸ்க் உண்டு. எந்த வாயுவுக்கு ஏற்றது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். 'ஆசிட் கேஸ்' என்று பொதுவாகப் போட்டிருப்பது எல்லாம் இந்தச் செம்பழுப்புப் புகைக்கு ஆகாது, கேட்டு வாங்குங்கள். குப்பிக்கு ஆயுள் உண்டு, காலாவதியானால் மாற்ற வேண்டும். பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அந்தப் புகையும் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. வீட்டோடு ஒட்டிய பட்டறை என்றால், பக்கத்து அறையில் படிக்கிற, தூங்குகிற பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பல வருஷமாக இந்த வேலையில் இருப்பவர் என்றால், ஒரு தடவை மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் ஊதும் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

இப்போது உங்கள் விஷயம். ஆக்சிஜன் குறையாது. ஆக்சிஜன் மூலக்கூறு மாஸ்க்கின் இடைவெளிகளைவிட மிகமிகச் சிறியது. அறுவை சிகிச்சை அரங்கில் மருத்துவர்களும் செவிலியர்களும் மணிக்கணக்கில் மாஸ்க்கோடுதான் நிற்கிறோம். சந்தேகம் இருந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பாருங்கள். ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க் போடுபவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். சேலத்து ஏப்ரல், மே வெயிலில், வியர்வையில் நனைந்த துணி வழியாகக் காற்றை இழுப்பதற்குக் கூடுதல் முயற்சி வேண்டியிருக்கிறது. முகம் சூடாகிறது, களைப்பு வருகிறது. காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் இறுக்கித் தலைவலி வருகிறது. ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும்போதும் இந்தத் தொல்லைகள் எல்லாம் உண்மையானவை.

தலைவலிக்கு இன்னொரு காரணத்தையும் நான் சந்தேகிக்கிறேன். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்றால் தண்ணீர் எப்போது குடிப்பீர்கள்? கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர், கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றை அடிக்கடி பார்க்கிறேன். மணிக்கு ஒருமுறையாவது தள்ளிப் போய், மாஸ்க்கை இறக்கித் தண்ணீர் குடியுங்கள். அதைத் தடுக்கிற விதி எதுவானாலும் உடம்புக்கு விரோதமான விதி. நின்றபடியே வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை.

லேசான வீசிங் உள்ளவர்கள் மாஸ்க் போடுவதால் ஆஸ்துமா மோசமாகாது. புதுத் துணியின் பஞ்சும் கஞ்சித் தூசியும் அதைவிட அதிகம் உறுத்தும். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் மாஸ்க் உங்களுக்கு நல்லதுகூட. கைப்பையில் இன்ஹேலர் இருக்கட்டும். இழுப்பு வந்தால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெளிக்காற்றுக்கு வந்து இன்ஹேலர் எடுங்கள், சூப்பர்வைசரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இன்ஹேலர் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், தினசரி மருந்து வேண்டும்.

பருவும் அரிப்பும் நனைந்த துணியின் உராய்வால் வருபவை. இரண்டு மாஸ்க் போதாது. நனைந்தால் மாற்றும்படி ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று வேண்டும், தினமும் சோப்பில் துவைத்து வெயிலில் காய வேண்டும். மாஸ்க்குக்கு அடியில் பவுடரும் மேக்கப்பும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நான்கு நாள் பளிச்சென்று காட்டி, பிறகு முகம் முழுக்கப் பருவையும் செந்நிறத்தையும் கொண்டுவந்துவிடும். அதை மட்டும் தொடாதீர்கள்.

சரி, விதிக்கு வருவோம். கொரோனா போய்விடவில்லை. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்ததே தவிர, வைரஸ் உருமாறி உருமாறிச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. தடுப்பூசியாலும், ஒருமுறைக்கு மேல் வந்து போனதாலும் நம்மில் பெரும்பாலோருக்கு அது இப்போது சளிக்காய்ச்சல் அளவில் நிற்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் இருந்த மத்திய அரசின் கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-உடன் முடிந்தன. அடுத்த மாதமே சென்னை ஐ.ஐ.டி.யில் தொற்று கூடி, மாஸ்க் இல்லாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று தமிழக அரசு மறுபடி அறிவித்தது. 2023 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்கினார்கள். தொற்று ஏறும்போது விதி வருவதும் இறங்கும்போது போவதும்தான் முறை. உங்கள் கடையில் விதி வந்தது, போகிற நேரத்தில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். எல்லா ஊழியரும் நாள் முழுக்க மாஸ்க் போட வேண்டும் என்பதற்கு உங்கள் கடையில் இன்று மருத்துவக் காரணம் இல்லை. துணி மாஸ்க் முக்கியமாகத் தடுப்பது, போட்டிருப்பவரின் வாயிலிருந்து வெளியே போவதை. வாடிக்கையாளர் போடவில்லை என்றால் அவரிடமிருந்து உங்களுக்கு வருவதை அது கொஞ்சம்தான் குறைக்கும். அதற்கு மேல், பதினோரு மணி நேரம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, காற்றே இல்லாத படிக்கட்டு அறையில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறீர்கள். ஒருவருக்குத் தொற்று இருந்தால் பரவுகிற இடம் அதுதான். கொரோனா பரவுவது பெரும்பாலும் காற்றில் மிதக்கும் நுண்திவலைகளால். மூடிய அறையில் அவை நெடுநேரம் தங்கும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. இது கடை முதலாளிகள் பலருக்குத் தெரியாது.

ஏற்காட்டு ஏரியில், திறந்த வெளியில், படகில் மாஸ்க் போட்டதால் பெரிய பயன் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும் வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்ட வேனில்தான் காற்று தேங்கியிருக்கும். அங்கே ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியிருந்தாலே போதும். மலைப்பாதையில் குமட்டல் வந்தால் மாஸ்க்கை உடனே கழற்றிவிட வேண்டும் என்பதையும் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது ஞாபகம் வையுங்கள்.

நிர்வாகத்திடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம், நாலு பேர் சேர்ந்து பேசுங்கள். மாஸ்க்கை எடுங்கள் என்று மட்டும் கேட்காமல், சாப்பாட்டு அறைக்கு எக்ஸாஸ்ட், இரண்டு பந்தியாகச் சாப்பாடு, கடை திறப்பதற்கு முன் அரைமணி நேரம் கதவு ஜன்னல் திறந்து வைப்பது, காய்ச்சல் இருமல் என்றால் சம்பளம் பிடிக்காத விடுப்பு என்று கேளுங்கள். கடைசியில் சொன்னது மிக முக்கியம். சம்பளம் போகுமே என்று காய்ச்சலை மறைத்து வேலைக்கு வருபவரை எந்த மாஸ்க்கும் ஈடுசெய்யாது. வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியும் அவரைப் பிடிக்காது, ஒரு பாரசிட்டமால் போட்டால் சூடு இறங்கிவிடும். பில் கவுண்டரில் பழைய பிளாஸ்டிக் தடுப்பு இருந்தால் அதையும் எடுத்துவிடலாம், அது காற்றோட்டத்தைத்தான் தடுக்கிறது.

விதி எடுக்கப்பட்டாலும் தொடர்ந்து போட விரும்புகிறவரை விட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவோ புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் அம்மாவோ இருக்கலாம், அதை அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களும் போடுங்கள். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் யார், என்ன நோய் என்று தெரியாது. அங்கே துணி மாஸ்க் வேண்டாம், மூக்கின் மேல் நன்றாகப் படியும் சர்ஜிக்கல் மாஸ்க்கோ என்95-ஓ போடுங்கள்.

உங்கள் பிரிவில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அவர் கட்டாயம் மாஸ்க் போட வேண்டும். காசநோயும் காற்றில்தான் பரவுகிறது. அவரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். சளிப் பரிசோதனையும், நோய் இருந்தால் மருந்தும் அங்கே இலவசம்.