காசு கனம் இடைவெளி

கேள்வி: நீண்ட நாள் வாழ்ந்து மறைந்த உங்கள் தாத்தாவை நினைத்தால் முதலில் எது ஞாபகம் வருகிறது?

அவருடைய விரல்கள்தான்.

தாத்தா 1957இல், பத்தொன்பது வயதில், ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் தச்சராகச் சேர்ந்தார். எங்கள் வேலூர்ப் பக்கம் இது பெரிய செய்தியே இல்லை. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்பார்கள். பெங்களூரில் பயிற்சி. பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் சாப்பர் வேலை.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று நச்சரிப்போம். "எவனையும் சுடலடா, மண்ணைத்தான் குத்தினேன்" என்பார். புதைத்த கண்ணிவெடியைத் தேடும்போது கம்பியை நேராக இறக்கக் கூடாதாம், வெடியின் தலையில் பட்டால் தீர்ந்தது. சாய்வாக, மெல்ல. ஏதாவது தட்டுப்பட்டால் விரலால் மண்ணை விலக்க வேண்டும். எடுத்து முடித்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. அவ்வளவுதான் கதை, அதுவும் கேன்டீன் ரம் உள்ளே போன இரவுகளில் மட்டும்.

1975இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து காட்பாடியில் பட்டறை போட்டார். நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும்தான். மரத்தை வாங்குவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிற்பார். "இங்க உள்ளே சொத்தை." உளி வைத்தால் அங்கே பொடி கொட்டும். மரக்கடைக்காரருக்கு இவர் வந்தாலே எரிச்சல்.

மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்ததும், அப்பாவை பாலிடெக்னிக் படிக்க வைத்ததும் அந்தப் பட்டறைதான். பென்ஷனை அப்படியே பாட்டி கையில் கொடுத்துவிடுவார். கோபக்காரர், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இழைப்புளியைத் தொட்டதற்கு நான் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

கதவு மாட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசை விட்டு இழுத்துப் பார்ப்பார். சிக்கினால் மறுபடி இழைப்பு. மழைக்காலத்தில் மரம் ஊதும், அதற்கு இடம் விட வேண்டும் என்பார்.

2024இல், 86 வயதில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் பின்கட்டுக்கு வேறொரு ஆளை வைத்துக் கதவு போட்டோம், அழகாக, இடுக்கே தெரியாமல். ஐப்பசி மழையில் அது நிலையைக் கவ்விக்கொண்டது. நானும் அப்பாவும் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்க, பாட்டி திண்ணையிலிருந்து கேட்டார்: "காசு வுட்டுப் பார்த்தீங்களாடா?"