புது வண்டி, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கார் வாங்கி நான்கு மாதம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்டிக்டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, மீட்டர் விளக்கு மங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வேகமாகத் தொடர்ந்து டிக்டிக் என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை) லூஸ். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால்தான் ஸ்டார்ட்டர் பக்கம் போக வேண்டும். முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. பிறகு, இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: புதுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன காரணம்? உடனே பதில் தேவை.

பதில்: பெட்ரோலா, டீசலா? செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? காலையில் மட்டுமா, இன்ஜின் சூடாக இருக்கும்போதுமா? எத்தனை நாள் ஓட்டாமல் நின்றது? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் காரணம் கேட்டால் நான் எதைச் சொல்வது? இவற்றைக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வாங்கி ஆறே மாதம். வாரத்தில் ஒரு நாளாவது ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மூன்று முறையும் 'எந்தக் குறையும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புது பேட்டரி அதற்குள் போகுமா?

பதில்: போகும். வண்டி புதிது என்பதால் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி யார்டில் மாதக்கணக்கில் நிற்பது உண்டு. பூட்டி நிறுத்தினாலும் அலாரமும் கம்ப்யூட்டர்களும் கொஞ்சம் கரன்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 40 ஆம்பியர்-மணிக்கு (ஆம்பியர் ஹவர்) மேல் போய்விடும். சின்னக் கார்களின் பேட்டரி கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிக் காலியாகவே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு முழுதாகத் திரும்பாது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்திருந்தாலே பெரும்பகுதி தவிர்த்திருக்கலாம். அதைச் செய்யாமல், டெலிவரி நாள் காலையில் ஜம்ப் கேபிள் (இன்னொரு பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கும் ஒயர்) போட்டுக் கிளப்பி, மாலை போட்டுச் சாவியை நீட்டுகிறார்கள். எனக்கும் ஒரு முறை அப்படித்தான் தந்தார்கள். மூன்றாவது வாரமே நடுவழியில் நின்றேன். பல வருடம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஏன் குறை தெரிவதில்லை? நீங்கள் அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பேட்டரியில் மேலோட்டமாகச் சார்ஜ் ஏறியிருக்கும். அவர்கள் ஒரு முறை கிளப்பிப் பார்ப்பார்கள், பிடித்துவிடும். ஆகவே வண்டியை இரவு அங்கேயே விடுங்கள், காலையில் உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். மூன்று அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: பேட்டரி லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் எதுவரை இறங்குகிறது (9.6-க்குக் கீழே போகக் கூடாது), வண்டியைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் உறங்கிய பிறகு எவ்வளவு கரன்ட் கசிகிறது (50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகச் சரி). பேட்டரியின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பல வண்டிகளில் பேட்டரிக்கு வாரண்டி தனி, காலமும் குறைவு, தள்ளிப் போடாதீர்கள்.

ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் புகாரையும் வேலையையும் குறிக்கும் தாள்) உங்கள் புகார் உங்கள் வார்த்தைகளிலேயே இருக்க வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ச்சொல்லுக்கு வாரண்டி கிடையாது.

கேள்வி: டேஷ்கேம் மாட்டிய பிறகு, இரண்டு நாள் நின்றாலே பேட்டரி இறங்குகிறது. கம்பெனிக் குறையா?

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்களே. வண்டி நிற்கும்போதும் கேமராவை ஓட வைக்கும் பார்க்கிங் மோடை நிறுத்துங்கள், அல்லது வோல்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கும் கருவியோடு இணையுங்கள். ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும்.

கேள்வி: பெட்ரோல் கார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் காலையில் மட்டும் ஐந்தாறு நொடி அடித்தால்தான் பிடிக்கிறது. பேட்டரி மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம், நன்றாகச் சுற்றுகிற வண்டிக்கு எதற்குப் பேட்டரி? இக்னிஷனை ஆன் செய்து மூன்று நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இன்னொரு முறை அதே மாதிரி. மூன்றாவது முறை கிளப்புங்கள். உடனே பிடித்தால், இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்ப்பின் உள்ளே இருக்கும் வால்வோ, இன்ஜெக்டரோ கசியலாம். இந்தச் சோதனையை அப்படியே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது ஆற விடுங்கள்.

கேள்வி: பட்டன் ஸ்டார்ட். 'சாவி இல்லை' என்கிறது, சாவி கையில்தான் இருக்கிறது.

பதில்: சாவிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றுங்கள். அதுவரை, பிரேக்கை மிதித்தபடி சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். சில வண்டிகளில் அதற்கென்று வேறு இடம் இருக்கும், கையேட்டில் போட்டிருக்கும்.

கேள்வி: ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிக்குச் சாதாரண பேட்டரி போடலாமா? விலை குறைவாக இருக்கிறதே.

பதில்: கூடாது. இஎஃப்பி, ஏஜிஎம் இரண்டும் அடிக்கடி நின்று கிளம்புவதைத் தாங்கும் பேட்டரி வகைகள். இஎஃப்பி இருந்த இடத்தில் இஎஃப்பி, ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: முடியாது. ஜம்ப் கேபிள்தான் வழி. சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை நின்றுபோன வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். அந்தக் கடைசி முனையைப் பேட்டரியிலேயே வைத்துத் தீப்பொறி பறக்க விடாதீர்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும், பற்றிக்கொள்ளும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.